பேச்சிப்பாறையில் அளந்த மரம் பேப்பரில் பருத்த கதை: வனவியல் இதழுக்கு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சார், இங்கிலீஷ் சரியில்லைன்னு பேப்பரைத் திருப்பிட்டாங்க."

நாகர்கோவிலில் என் வீட்டுக்கு வரும் ஆய்வு மாணவர்களில் பாதிப்பேர் இப்படிச் சொல்லிக்கொண்டுதான் படியேறுவார்கள். போன ஆடிச் சாரலில் நனைந்துகொண்டு வந்த பெண்ணும் அப்படித்தான் சொன்னாள். மின்னஞ்சலைக் காட்டச் சொன்னேன். மதிப்பாய்வாளர் எழுதியிருந்த 11 குறிப்புகளில் ஆங்கிலத்தைப் பற்றியது ஒன்றே ஒன்று, அதுவும் கடைசி. மற்ற பத்தும் அவள் காட்டில் செய்த வேலையைப் பற்றியவை. அந்தப் பத்தையும் அப்படியே விட்டுவிட்டு, மொழி திருத்தித் தருகிறவர்களிடம் 6,000 ரூபாய் கட்டிவிட்டு வந்திருந்தாள்.

இதழ்களுக்கு வரும் கட்டுரைகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்கிறேன். இலக்கணப் பிழைக்காக ஒரு கட்டுரையையும் நான் தள்ளியதில்லை. காட்டில் தப்பாக அளந்து வந்ததை மேசையில் உட்கார்ந்து சரிக்கட்ட வழியில்லை என்பதால் தள்ளியவை நிறைய. அதனால் இங்கே காட்டுத் தவறுகளுக்குத்தான் கூடுதல் இடம்.

அந்தப் பெண்ணின் அட்டவணையையே எடுத்துக்கொள்கிறேன். பேச்சிப்பாறைக்கு மேலே இயற்கைக் காட்டில் மரங்களின் அடிப்பரப்பு, அதாவது மார்பளவு உயரத்தில் தண்டுகளின் குறுக்குவெட்டுப் பரப்பைக் கூட்டியது, எக்டேருக்கு 400 சதுர மீட்டர் என்று போட்டிருந்தாள். மேற்குத் தொடர்ச்சி மலையின் நல்ல பசுமைமாறாக் காட்டிலேயே 40, 50 வாக்கில்தான் வரும். "மக்ளே, மரத்தைச் சுத்தி டேப் பிடிச்சியா, காலிப்பர் வச்சியா?" என்று கேட்டேன். டேப்தான். டேப்பில் கிடைப்பது சுற்றளவு, காலிப்பரில் கிடைப்பது விட்டம். எக்செல் சூத்திரம் கேட்டது விட்டம். நடுவில் 3.14-ஆல் வகுக்க மறந்துவிட்டாள். சுற்றளவு 94.2 செ.மீ. உள்ள மரத்தின் விட்டம் 30 செ.மீ., அடிப்பரப்பு 0.07 சதுர மீட்டர். சுற்றளவையே விட்டமாகப் போட்டால் அது 0.70 ஆகிவிடும். 3.14 என்ற அந்தப் பை (π) மதிப்பின் வர்க்கம் 9.87, ஆகவே ஒவ்வொரு மரமும் ஏறக்குறையப் பத்து மடங்கு பருத்துவிட்டது. வனவியல் படித்த எவரும் முதல் அட்டவணையிலேயே இதைப் பிடித்துவிடுவார்கள். பிடித்த பிறகு மற்ற எண்களையும் அவர்கள் நம்பமாட்டார்கள்.

எந்த உயரத்தில் அளந்தோம் என்பதிலும் சறுக்கல் உண்டு. நம் நாட்டு வனத்துறை வழக்கில் மார்பளவு உயரம் 1.37 மீட்டர், அதாவது பழைய நாலரை அடி. பல வெளிநாட்டு ஆய்வுகளில் 1.30 மீட்டர். ரப்பருக்கோ கணக்கே வேறு. ஒட்டு சேர்ந்த இடத்திலிருந்து 125 செ.மீ. உயரத்தில் அளந்து, சுற்றளவு 50 செ.மீ. வந்தால் பால்வெட்டத் தொடங்கலாம் என்பது தோட்டத்து நடைமுறை. ஒரே கட்டுரையில் ரப்பரை ஒரு உயரத்திலும் காட்டு மரத்தை வேறொரு உயரத்திலும் அளந்து, இரண்டையும் ஒரே பத்தியில் ஒப்பிட்டால் கேள்வி வராமல் இருக்காது. எந்த உயரமானாலும் எழுதிவிடுங்கள். அடியில் பலகை வேர் விரிந்த மரத்தை எங்கே அளந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்தது பெயர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது கொஞ்சம் விசேஷமான தொல்லை. கூட வரும் ஆள் "மருது" என்பார், மாணவர் நோட்டில் மருது என்று எழுதுவார், வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடி ஒரு அறிவியல் பெயரை ஒட்டிவிடுவார். நீர்மருது, கருமருது, பூமருது எல்லாமே மருதுதான். முதல் இரண்டும் டெர்மினாலியா பேரினத்தின் வேறு வேறு இனங்கள். பூமருது என்ற பெயரோ டெர்மினாலியாவில் ஒன்றுக்கும் உண்டு, லாகர்ஸ்ட்ரோமியாவுக்கும் உண்டு. எதிர்த்திசையிலும் ஆபத்து இருக்கிறது. அயினி என்று ஒரு ஊரிலும் ஆஞ்சிலி என்று அடுத்த ஊரிலும் சொல்லக் கேட்டு, ஒரே மரத்தை இரண்டு இனமாக எண்ணிய பட்டியலை நான் பார்த்திருக்கிறேன். பூவோ காயோ உள்ள கிளையைப் பறித்து, அழுத்திக் காயவைத்து, ஒரு ஹெர்பேரியத்தில் (உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் இடம்) சரிபார்த்து, அந்த மாதிரியின் எண்ணைக் கட்டுரையில் கொடுப்பதுதான் வழி. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்து ஹெர்பேரியம் இருக்கிறது. ஒரு நாள் பஸ் பயணம்தான். பழைய தாவர நூலை அப்படியே பார்த்து எழுதுவதும் மாட்டிவிடும். தேக்கை இன்னமும் வெர்பினேசி குடும்பத்தில் வைத்து எழுதுகிறார்கள். அது லேமியேசிக்குப் போய்ப் பல காலம் ஆயிற்று. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இணையப் பட்டியலில் ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை தட்டிப் பார்க்க ஒரு மாலை போதும்.

இவ்வளவும் சரியாகச் செய்தவர்கள்கூட விழும் பள்ளம் ஒன்று உண்டு. கீரிப்பாறையில் ஒரு ரப்பர் தோட்டம், பக்கத்தில் ஒரு காடு. செடிகளை எண்ணுவதற்காகத் தோட்டத்துக்குள் கயிறு கட்டிக் குறித்த 10 சதுரங்கள், காட்டுக்குள் 10 சதுரங்கள். "ரப்பர் தோட்டங்களில் இன வளம் குறைவு" என்று முடிவு. உண்மையில் அளந்தது எத்தனை தோட்டம்? ஒன்று. அந்தத் தோட்டத்தில் களை வெட்டும் முறை, அதன் சரிவு, அதன் வயது எல்லாம் அந்தப் பத்துச் சதுரத்துக்கும் பொது. பத்துச் சதுரத்தை வைத்துக்கொண்டு பத்துத் தோட்டம் பார்த்தமாதிரிப் பேசுவதைத்தான் ஹர்ல்பர்ட் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் 1984-இல் 'போலி மறுமுறை' என்ற பொருளில் பெயர் வைத்துச் சுட்டிக்காட்டினார். ஒரே வீட்டுப் பிள்ளைகள் பத்துப் பேரை நிறுத்திப் பார்த்துவிட்டு, ஊரே உயரம் என்று சொன்னமாதிரிதான். கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு என்று தள்ளித்தள்ளி நாலைந்து இடம், இடத்துக்கு இரண்டிரண்டு சதுரம் போட்டிருந்தால் அதே உழைப்பில் கட்டுரை நின்றிருக்கும். இடம் நிஜமாகவே ஒன்றுதான் கிடைத்தது என்றால் அதையும் எழுதலாம். தலைப்பில் "மாவட்ட ரப்பர் தோட்டங்கள்" என்று நீட்டாமல், "கீரிப்பாறையில் ஒரு தோட்டம்" என்று சுருக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

ஓக்கிப் புயல் பற்றிய கட்டுரைகளிலும் இதே வகைக் கோளாறு. 2017 நவம்பர் 30-இல் அடித்த புயலில் ரப்பரும் வாழையும் சாய்ந்ததை எல்லோரும் பார்த்தோம். அதன் பிறகு போய் விழுந்த மரத்தை எண்ணியவர்கள், முன்னால் எத்தனை நின்றன என்ற கணக்கு இல்லாமலே சதவீதம் போட்டார்கள். விழாத மரத்தையும் அதே சதுரத்தில் எண்ணி வந்திருந்தால்கூட ஓரளவு சமாளித்திருக்கலாம்.

காலத்தையும் சொல்ல வேண்டும். நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அட்டைப்பூச்சிக்கும் வழுக்குப் பாதைக்கும் பயந்து தை முதல் பங்குனி வரை மட்டும் காட்டுக்குப் போய்விட்டு, "ஆண்டு முழுவதும்" என்று எழுதுகிறார்கள். போகாத மாதத்தில் முளைக்கும் கீழ்த்தளச் செடிகள் பட்டியலில் இல்லாததே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆய்வுப் பகுதி பற்றிய பத்தியில் நம்மவர்களுக்கு ஊர்ப்பாசம் பொங்கிவிடும். முக்கடல் சங்கமம், 133 அடி வள்ளுவர் சிலை, 1956-இல் தாய்த்தமிழகத்தோடு இணைந்த வரலாறு எல்லாம் வந்துவிடும். சதுரம் போட்ட மலையின் உயரமும் மண்ணும் மட்டும் வராது. மழையளவை நாகர்கோவில் மழைமானியில் எடுத்துக் கோதையாற்றுக்குப் பொருத்துவது இன்னொன்று. கடற்கரைக்கும் மலைக்கும் இங்கே மழை எவ்வளவு மாறும் என்று நமக்கே தெரியும். ஆயத்தொலைவுகளை ஒருமுறை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். நாம் இருப்பது வடக்கு 8 பாகை, கிழக்கு 77 பாகை. ஒரு கட்டுரையில் இரண்டும் இடம் மாறியிருந்தது. போட்டுப் பார்த்தால் ஆய்வு நடந்த இடம் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே, ஆர்க்டிக் பகுதிக் கடலில் மிதந்தது.

அனுமதியைப் பற்றிப் பலர் கட்டுரை எழுதும்போதுதான் யோசிக்கிறார்கள். மாவட்டக் காட்டின் பெரும்பகுதி 2008 முதல் வனவிலங்கு சரணாலயம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி, ஆய்வுக்காக உள்ளே போகத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். ரேஞ்ச் ஆபீஸில் தெரிந்தவர் வாய்வார்த்தையாகச் சொன்னது செல்லாது. இதழ் அனுமதிக் கடிதத்தின் எண்ணைக் கேட்கும். இந்த மலைகளின் பழங்குடிகளான காணி மக்களிடம் கேட்டு எழுதும் மூலிகைக் கட்டுரைகளுக்கு இதைவிடக் கூடுதல் பொறுப்பு உண்டு. அகத்தியமலைக் காணிகள் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து ஜீவனி மருந்து உருவானபோது, கேரளத்தின் பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் உரிமக் கட்டணத்தில் பாதியை அவர்களுக்கு என்று ஒதுக்கியது உலகமே பேசிய செய்தி. அந்த மலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, ஊர்த்தலைவரான மூப்பனின் சம்மதம் கேட்டோமா என்று ஒரு வரிகூட இல்லாமல் 60 மூலிகைகளைப் பட்டியல் போட்டால் எந்தப் பதிப்பாசிரியருக்கும் மனம் ஒப்பாது.

புள்ளியியலில் ஒன்று மட்டும் சொல்கிறேன். இனங்களின் பன்மையை அளக்கும் ஷானன் குறியீட்டில் எந்த அடிமானத்தின் மடக்கை என்று எழுதுங்கள். இயல் மடக்கையில் 2.1 வரும் காடு, அடிமானம் 2 உள்ள மடக்கையில் 3.03 வரும். சொல்லாமல் இன்னொருவர் எண்ணோடு ஒப்பிட்டால் நம் காடு சும்மாவே செழித்துவிடும்.

இனி அனுப்பும் கட்டம். 1875-இல் தொடங்கி இப்போது டேராடூனிலிருந்து வரும் இந்தியன் ஃபாரஸ்டர், கோயம்புத்தூரிலிருந்து வரும் ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா, மலேசியாவின் வெப்பமண்டல வன அறிவியல் இதழ் என்று எத்தனையோ உண்டு. ஒவ்வொன்றுக்கும் ரசனை வேறு. மர வளர்ப்பு, மரப்பொருள், உயிரினப் பட்டியல் எல்லாவற்றையும் எல்லோரும் வாங்கமாட்டார்கள். கடைசி இரண்டு ஆண்டு இதழ்களைப் புரட்டி, நம் கட்டுரைக்கு அண்ணன் தம்பி மாதிரி ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பாதீர்கள். ஒரே மதிப்பாய்வாளரிடம் இரண்டும் போய்ச் சேர்வது நீங்கள் நினைப்பதைவிடச் சகஜம்.

வாட்ஸாப்பில் "3 நாளில் பிரசுரம்" என்று வருவதை அழித்துவிடுங்கள். தரமான இதழ்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியலில் இருக்கிறோம் என்று இன்னும் சிலர் விளம்பரம் செய்கிறார்கள். அந்தப் பட்டியலையே யுஜிசி 2025-இல் கைவிட்டுவிட்டது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற பொதுக் கட்டாயத்தையும் 2022 விதிமுறைகளில் எடுத்துவிட்டார்கள். உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, அவசரம் இல்லை என்றால் நிதானமாக நல்ல இதழுக்குப் போங்கள்.

வரி எண், பக்க அளவு, மேற்கோள் நடை ஆகியவை இதழின் வழிகாட்டியிலேயே இருக்கும், பார்த்துச் செய்துவிடலாம். மேற்கோள் பட்டியலைச் சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்குவது மட்டும் விபரீதம். பிறக்காத கட்டுரைக்குத் தந்தை பெயரும் பக்க எண்ணும் போட்டுத் தரும். எனக்கு வந்த ஒரு கட்டுரையில் நானே எழுதாத ஒன்று என் பெயரில் இருந்தது.

திருத்தி அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தால், அது நிராகரிப்பு என்று நினைத்து மூலையில் போட்டுவிடுகிறார்கள். அது பாதிக் கிணறு தாண்டியதற்கு அடையாளம். ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே எடுத்து எழுதி, கீழே பதிலையும் மாற்றிய வரியின் எண்ணையும் கொடுங்கள். "திருத்திவிட்டோம், நன்றி" என்று பதினொரு முறை எழுதினால் மதிப்பாய்வாளர் முழுக் கட்டுரையையும் மறுபடி துழாவ வேண்டிவரும். அந்த எரிச்சலில் புதிதாக நாலு குறை கண்ணில் படும். ஒப்புக்கொள்ள முடியாத இடத்தில் காரணத்தோடு மறுக்கலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

ஆடியில் வந்த பெண் 3.14-ஆல் வகுத்ததும் 400 என்பது 41 ஆகிவிட்டது. அவள் கட்டுரையிலும் இருந்த, தோட்டம் ஒன்றே என்ற சிக்கல் மட்டும் பாக்கி. பதில் கடிதத்துக்குக் கூடுதல் அவகாசம் கேட்டு எழுதினாள், கொடுத்தார்கள். மழை விட்டதும் டேப்பை எடுத்துக்கொண்டு மணலோடைக்குப் பஸ் ஏறினாள்.