ரோபோ எதைச் செய்ய வேண்டும்? வாதங்களைத் தாளில் தீர்க்கும் முறை

தானியங்கி ஏஜென்ட்டுக்கு (தானாக முடிவெடுக்கும் ரோபோ அல்லது மென்பொருளுக்கு) விதிமேல் விதியாக அடுக்கிக்கொண்டே போனால், இரண்டு விதிகள் மோதும் நாளில் எது ஜெயித்தது, ஏன் என்று யாராலும் சொல்ல முடியாது. காரணங்களை வாதங்களாக எழுதி, எது எதைத் தாக்குகிறது என்று அம்பு போட்டுவிட்டால் முடிவோடு விளக்கமும் சேர்ந்தே கிடைக்கும். இதற்கான கணக்கை 1995இல் வகுத்தவர் கணினி அறிவியலாளர் பான் மின் டுங். நிரல் எழுதுமுன் தாளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கிடங்கில் பார்சல் தூக்கும் ரோபோவை எடுத்துக்கொள்வோம். பேட்டரி 22 சதவீதம்; 10க்குக் கீழே இறங்கக் கூடாது. லாரி கிளம்ப 12 நிமிடம் இருக்கிறது.

அ: பார்சலைக் கொண்டுபோ, லாரியைப் பிடிக்கலாம்.
ஆ: சார்ஜருக்குப் போ, நடுவழியில் நின்றுவிடக் கூடாது.
இ: போய்வர 9 சதவீதம் போதும், மீதி 10க்கு மேல் இருக்கும்.
ஈ: 22 என்பது 40 நிமிடத்துக்கு முந்தைய அளவு, நம்ப முடியாது.
உ: புது அளவு இப்போதுதான் வந்தது: 21. ஒன்பது போனாலும் 12 மிஞ்சும்.

அ, ஆ இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. ஆகவே இருபக்கமும் அம்பு. இ ஆவை, ஈ இயை, உ ஈயைத் தாக்கும்.

யாரும் தாக்காத வாதத்துக்கு ‘ஏற்பு’ போடுங்கள். அது தாக்குவதற்குத் ‘தள்ளுபடி’. தாக்குபவை எல்லாமே தள்ளுபடியானால் அந்த வாதமும் ஏற்பு. மாற்றம் நிற்கும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். உ ஏற்பு, ஈ தள்ளுபடி, இ ஏற்பு, ஆ தள்ளுபடி, அ ஏற்பு. பார்சல் போகும்.

உ வராவிட்டால்? ஈ ஏற்பு, இ தள்ளுபடி. அவும் ஆவும் ஏற்பும் இல்லாமல் தள்ளுபடியும் இல்லாமல் நிலுவையில் நின்றுவிடும். இந்த இடத்துக்குத்தான் ஆய்வாளர் ட்ரெவர் பெஞ்ச்-கேப்பன் 2003இல் மதிப்பு வரிசையைக் கொண்டுவந்தார்: ஒவ்வொரு வாதமும் எந்த மதிப்புக்காகப் பேசுகிறது, எந்த மதிப்பு மேல் என்ற வரிசை. பாதுகாப்பு நேரத்தைவிட மேல் என்றால், நேரத்துக்காகப் பேசும் அவின் தாக்குதல் ஆவிடம் எடுபடாது. ரோபோ சார்ஜருக்குப் போகும்.

பலரும் சறுக்குவது இங்கேதான். மதிப்பு வரிசையை எல்லா அம்புக்கும் போட்டுவிடுகிறார்கள். இ, ஈ, உ மூன்றும் உண்மை நிலையைச் சொல்பவை. அவற்றின் தாக்குதலை எந்த மதிப்பாலும் தடுக்கக் கூடாது. தடுத்தால், பேட்டரி போதும் என்று புது அளவு காட்டினாலும் ‘பாதுகாப்பு’ என்ற பெயரில் ரோபோ சார்ஜரிலேயே கிடக்கும்.

மூன்று வாதங்கள் வட்டமாக ஒன்றையொன்று தாக்கினால் மூன்றுமே நிலுவைதான். அதற்கென ஒரு பத்திரமான இயல்புச் செயலை முன்பே எழுதிவையுங்கள். இந்த ரோபோவுக்கு, ஓரமாக நின்று ஆளைக் கூப்பிடுவது.

நொடிக்கு நொடி மறுகணக்குப் போட்டால் ரோபோ பாதி வழியில் திரும்பித் திரும்பி ஓடும். சூழல் மெதுவாக மாறுமிடத்தில் எடுத்த முடிவில் நிற்கும் ஏஜென்ட்டும், வேகமாக மாறுமிடத்தில் அடிக்கடி யோசிப்பதும் நன்றாகச் செயல்பட்டதை ஆய்வாளர்கள் கின்னி, ஜார்ஜெஃப் 1991 சோதனைகளில் காட்டினார்கள். கிடங்குக்கு என்றால், ஏற்பான ஒரு வாதத்தின் மேல் புது அம்பு விழும்போது மட்டும் மறுகணக்குப் போடுங்கள். அளவு பழையதாகிவிட்டது என்பதும் ஒரு அம்புதான். எனவே ஒவ்வொரு அளவோடும் நேரமுத்திரை, அதாவது அது எடுக்கப்பட்ட நேரம், கட்டாயம் வேண்டும்.