இருட்டுக் காட்சியும் வெடிச்சத்தமும்: அதிரடிப் படத்துக்கு ரிவியைச் சரிக்கட்டும் விதம்

அதிரடிப் படம் போட்டால் வீட்டில் இரண்டு முறைப்பாடு கட்டாயம் வரும். "ஒண்டும் தெரியேல்லை" என்பது ஒன்று. "கதைக்கிறது விளங்கேல்லை, வெடி மட்டும் காதைப் பிளக்குது" என்பது மற்றது. உடனே ஒருவர் பிரைட்னஸைக் கூட்டுவார். இன்னொருவர் ரிமோட்டைக் கையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருப்பார். பிரைட்னஸைக் கூட்டினால் கறுப்பெல்லாம் சாம்பலாகும். சத்தத்தைக் கூட்டினால் அடுத்த வெடிக்குப் பக்கத்து வீட்டாரும் எழும்புவார்கள். கைவைக்க வேண்டிய இடங்கள் வேறு.

முதலில் கையில் இருக்கும் படம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். கோப்பின் ஜிபி அளவை 8000 ஆல் பெருக்கி, படம் ஓடும் செக்கன்களால் வகுத்தால் செக்கனுக்கு எத்தனை மெகாபிட் என்று வரும். இரண்டு மணித்தியாலப் படம் 7200 செக்கன். 1.5 ஜிபி கொப்பி என்றால் சுமார் 1.7 மெகாபிட், அதே படம் புளூரேயில் 30 ஜிபி இருந்தால் சுமார் 33. இரண்டு பேர் கதிரையில் இருந்து கதைக்கும் காட்சியில் இந்த வித்தியாசம் அவ்வளவு தெரியாது, ஏனென்றால் ஒரு பிரேமுக்கும் (தனிப்படத்துக்கும்) அடுத்ததுக்கும் மாறுவது கொஞ்சம்தான். புகை, மழை, சிதறும் கண்ணாடி, கமராவைக் கையில் பிடித்து ஓடி ஓடி எடுத்த சண்டை என்று வந்தால் பிரேம் முழுவதும் மாறும். பிட் போதாமல் படம் சதுரம் சதுரமாக உடையும், இரவு வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். இதை ரிவியால் திருத்த முடியாது. நாய்ஸ் ரிடக்ஷனைக் கூட்டினால் சதுரம் கொஞ்சம் மங்கும்தான், ஆனால் நடிகரின் முகமும் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். நல்ல பிரதி எடுப்பதுதான் வழி.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவரும் தட்டுகளில் வலயத்தை, அதாவது எந்தப் பகுதிப் பிளேயரில் ஓடும் என்ற பிரிவைக் கவனியுங்கள். லண்டன் புளூரே பி வலயம், கனடாத் தட்டு ஏ வலயம். பூட்டுள்ள தட்டு மற்ற வலயப் பிளேயரில் ஓடாது. 4கே அல்ட்ரா எச்டி தட்டுகளுக்கு வலயப் பூட்டே இல்லை. பால் (PAL) முறை டிவிடியில் 576 வரிதான். அதோடு செக்கனுக்கு 24 பிரேம் உள்ள படத்தை 25 ஆக ஓட்டுவதால் 120 நிமிடப் படம் 115 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் ஒரு பொட்டுக் கூர்மையாகக் கேட்கும். அது உங்கள் பிளேயரின் பழுதில்லை.

இனி இருட்டு. ரிவியில் சினிமா அல்லது ஃபில்ம்மேக்கர் மோட் போடுங்கள். கடைக்காரர் விட்டுத்தந்த விவிட் மோட்டில் எதைத் திருத்தினாலும் வீண். அடுத்ததாக எச்டிஎம்ஐ பிளாக் லெவல், அதாவது கறுப்பு முதல் வெள்ளை வரையான வெளிச்சத்தை எந்த இலக்கங்களில் அனுப்புவது என்ற அமைப்பு. பிளேயர் 16 முதல் 235 வரையான லிமிட்டட் அளவில் அனுப்ப, ரிவி 0 முதல் 255 வரையான ஃபுல் அளவை எதிர்பார்த்தால் கறுப்பு சாம்பலாக வெளிறும். மறுவளமாக இருந்தால் நிழலில் நிற்கும் ஆள் நிழலோடு கரைந்துவிடுவார். இரண்டு பக்கமும் லிமிட்டட் என்று வையுங்கள். சாம்சங் மெனுவில் அதன் பெயர் லோ.

பிறகுதான் பிரைட்னஸ். ஏவிஎஸ் எச்டி 709 என்ற இலவசச் சோதனைப் படங்களில் இலக்கமிட்ட பட்டைகள் மினுங்கும். 16 வரை தெரியக்கூடாது, 17 மட்டுமட்டாகத் தெரியவேண்டும். அது இல்லாவிட்டால் படமே போதும். அகலம் உயரத்தைப்போல் 2.39 மடங்கான படத்துக்கு 1080 வரித் திரையில் மேலும் கீழும் 138 வரி வெறும் கறுப்பு. அறையை இருட்டாக்கி, கறுப்புக் கோட்டுப் போட்டவர் இருளில் நிற்கும் காட்சியில் படத்தை நிறுத்துங்கள். கோட்டின் மடிப்பு தெரியும்வரை ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். மேல் பட்டை சாம்பலாகத் தொடங்கினால் ஒரு படி குறைத்து விட்டுவிடுங்கள். பகலில் பார்க்க வெளிச்சம் காணாதென்றால் கூட்டவேண்டியது பேக்லைட்டை. அதைவிட யன்னலை மூடுவது மேல்.

ஷார்ப்னஸ் பல ரிவிகளில் 0 தான் சரி. சோனியில் 50 நடுநிலை. பிரேம்களுக்கு இடையில் ரிவி தானாகப் புதுப் பிரேம் செருகும் மோஷன் ஸ்மூதிங்கை நிறுத்துங்கள், சண்டைக்காட்சி மெகா தொடர் மாதிரித் தெரிவது அதனால்தான்.

சத்தத்தில் வேலை கூட. படம் ஓடுகிறது, சத்தமே இல்லை என்றால் பெரும்பாலும் ஒலித்தடம் டிடிஎஸ் என்ற வகை, அது உங்கள் ரிவிக்கு விளங்காது. பிளேயரின் ஒலி வெளியீட்டை பிட்ஸ்ட்ரீமில் (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புவது) இருந்து பிசிஎம்முக்கு (பிளேயரே பிரித்து அனுப்புவது) மாற்றுங்கள். கதைக்கும் சத்தம் அமுங்குவதற்குக் காரணம் வேறு. ஐந்து ஸ்பீக்கருக்கும் அடித்தொனிக்கான ஒரு சப்வூஃபருக்கும் பிரித்த 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குரியது. இரண்டு ஸ்பீக்கருக்கு மடிக்கும்போது வசனம் இசையோடும் வெடியோடும் ஒரே வாயால் வரவேண்டியிருக்கிறது. ரிவி ஸ்பீக்கர் மட்டும் உள்ளவர்கள் நைட் மோட் அல்லது டைனமிக் ரேஞ்ச் கொம்ப்ரஷனைப் போட்டால் உரத்த சத்தமும் மெல்லியதும் நெருங்கிவரும். வெடியின் அதிர்வு குறையும், ஆனால் கதை விளங்கும்.

ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ரிசீவர் வைத்திருப்பவர்கள் அதன் மெனுவில் எல்லா ஸ்பீக்கரையும் ஸ்மோல் என்று குறித்து, குரொஸ்ஓவரை (அதற்குக் கீழான ஒலி சப்வூஃபருக்குப் போகும் எல்லையை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சோதனை இரைச்சலை ஓடவிட்டு, இருக்கும் கதிரையில் காதின் உயரத்தில் ஃபோன் மீட்டரைப் பிடித்து ஒவ்வொன்றையும் 75 டெசிபெலுக்குக் கொண்டுவாருங்கள். மீட்டர் அசல் அளவு காட்டாவிட்டாலும் பரவாயில்லை, எல்லாம் ஒன்றாக இருந்தால் சரி. பிறகு நடு ஸ்பீக்கருக்கு மட்டும் 2 டெசிபெல் கூடக் கொடுங்கள்.

இவ்வளவும் செய்தும் விளங்காவிட்டால் குற்றம் அறையில்தான். எங்கள் வீடுகளில் சீமெந்து நிலம் அல்லது மாபிள், பூசின வெறும் சுவர், உயர்ந்த கூரை. நடுவில் நின்று ஒருதரம் கை தட்டிப் பாருங்கள். தட்டின பிறகும் ரீங்காரம் கேட்டுக்கொண்டிருந்தால் வசனத்தின் மெய்யெழுத்துகள் அதில்தான் கரைகின்றன. பனையோலைப் பாய் மெல்லியது, இதற்கு உதவாது. ஸ்பீக்கருக்கும் கதிரைக்கும் இடையில் தடித்த கம்பளம், பின்சுவரில் நிறைய மடிப்போடு கனத்த திரைச்சீலை, பக்கச் சுவரில் புத்தக அலுமாரி என்று வைத்தால் வித்தியாசம் உடனே கேட்கும். கண்ணாடிக் கதவு அலுமாரி வேண்டாம், வெடிக்கு வெடி கிடுகிடுக்கும். சப்வூஃபரை மூலையில் தள்ளினால் சத்தம் கூடும், ஆனால் ஒரே முழக்கமாக இருக்கும். அதைத் தூக்கி நீங்கள் இருக்கும் கதிரையில் வைத்து, பாஸ் நிறைந்த காட்சியை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். தாளம் தெளிவாக, வீங்காமல் கேட்கும் இடம்தான் சப்வூஃபருக்குரிய இடம். பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஸ்பீக்கரில் விடாமல் "ம்ம்" என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் முதலில் கேபிள் ரிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அந்த வயர் வழியாக வேறொரு எர்த் வந்து சேர்கிறது. எர்த் முள்ளை வெட்டி இதைத் தீர்க்கச் சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள், உயிருக்கு ஆபத்து. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் பிளக்கைக் கழற்றுபவர்கள் அந்தக் கேபிள் வயரையும் ரவுட்டர் வயரையும் விட்டுவிடுவதுண்டு. மின்னல் அந்த வழியாலும் வந்து எச்டிஎம்ஐ போர்ட்டை எரிக்கும். மழை இருளும்போதே எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.