இடஞ்சுட்டிப் பொருள் விளக்குவது எப்படி?

தேர்வில் ஒரு செய்யுளையோ உரைநடைப் பத்தியையோ கொடுத்துப் பொருள் விளக்கச் சொன்னால், மாணவர் பலர் முதலில் எதுகை மோனைக்கு அடிக்கோடு போடத் தொடங்கிவிடுகின்றனர். நயம் பாராட்டும் வினாவுக்கு அவை தேவைதான்; ஆனால் யார், யாரிடம், எதை வேண்டிப் பேசுகிறார் என்பது பிடிபடாத வரை எத்தனை அணிகளைப் பட்டியலிட்டாலும் அது விளக்கம் ஆகாது.

பழனி மலைப்பகுதியில் படிப்பவர்களுக்கு வையாவிக் கோப்பெரும்பேகன் அந்நியன் அல்லன். பொதினி என்ற பழம்பெயர் கொண்ட பழனி அவனுடைய ஆவியர் குடிக்கு உரியது. அவனைப் பரணர் பாடிய புறநானூற்று 145ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். 'மயிலுக்குப் போர்வை தந்த வள்ளலைப் புலவர் புகழ்கிறார்' என்று எழுதுவது பாட்டின் முதல் மூன்று அடிகளோடு நின்றுவிடும் விடை. அடுத்த அடியிலேயே 'பசித்தும் வாரேம், பாரமும் இலமே' என்கிறார் பரணர். பசியும் இல்லை, தாங்க வேண்டிய சுற்றமும் இல்லை என்றால் இவர் வந்தது எதற்கு என்ற கேள்வி எழ வேண்டும். விடை கடைசியில் இருக்கிறது: இன்றிரவே தேரேறிச் சென்று, துன்பத்தோடு வாழ்கிறவளின் துயரைக் களைவாயாக, அதுவே யாம் கேட்கும் பரிசில். அவள், பேகன் பிரிந்து வாழ்ந்த மனைவி கண்ணகி (சிலப்பதிகாரக் கண்ணகி அல்லள்). இந்தச் செய்தியைப் பாட்டின் அடிக்குறிப்பிலிருந்தே அறிகிறோம். திணையையும் துறையையும் தனியே மனப்பாடம் செய்யாமல், அடிக்குறிப்போடு சேர்த்துப் படிக்க வேண்டியது இதனால்தான்.

இப்போது தொடக்கத்துக்குத் திரும்பினால் மயில் வேறு விதமாகத் தெரியும். பறவை நடுங்குமே என்று அருளியவன் மனைவியின் துயரைக் கேட்டறியவில்லை என்பதைப் பரணர் எங்கும் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே பாட்டில் வைத்ததோடு சரி. கண்டிப்பைப் பரிசில் வேண்டுதலாக மாற்றியதிலும் நுட்பம் உண்டு, ஏனெனில் வள்ளல் என்று பெயரெடுத்தவனால் பரிசிலை மறுக்க முடியாது. இவ்விரண்டையும், உரிய அடிகளை மேற்கோளாகத் தந்து, நான்கைந்து வாக்கியங்களில் எழுதினால் போதும்.

மலையில் வாழ்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'நிலத்தினும் பெரிதே' எனத் தொடங்கும் குறுந்தொகைப் பாடல் வந்தால், 2018இல் கொடைக்கானலில் குறிஞ்சி பூத்ததைப் பார்த்தவர்கள் அது 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் என்ற கணக்கை உடனே எழுதிவிடுகிறார்கள். அந்தக் கணக்கு பாட்டில் இல்லை. நிலம், வான், நீர் என அளக்க முடியாதவற்றைச் சொன்ன தலைவி, அடுத்து ஏன் குறிஞ்சிப் பூவிலிருந்து தேன் இழைக்கப்படும் சிறு செயலுக்கு வருகிறாள் என்பதற்கே விடை வேண்டும்.

உரைநடைக்கும் இதே கண் வேண்டும். பயிற்சிக்காக நானே எழுதிய பத்தி இது: "மேஸ்திரி தராசைப் பார்த்து, கொழுந்தின் ஈரத்துக்கென்று 2 கிலோ கழித்துக்கொண்டார். கோத்தகிரியில் மழை பெய்து 15 நாளாகியிருந்தது. அவள் காலிக் கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்." ஏமாற்று என்ற சொல் இதில் இல்லை, இரண்டாம் வாக்கியம் வெறும் வானிலைச் செய்தி போலவே நிற்கிறது. அதை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்: மேஸ்திரி நேர்மையானவராகிவிடுவார். அந்த வாக்கியம் செய்யும் வேலையை எழுதுவதுதான் விளக்கம். 'தேயிலைத் தொழிலாளர் காலங்காலமாகச் சுரண்டப்படுகின்றனர்' என்று பொதுவாகத் தொடங்கும் விடை, பத்தியைப் படிக்காமலேயே எழுதக்கூடியது. திருத்துபவருக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அவள் ஏன் பேசவில்லை என்று வினா வந்தால், பத்தி காரணம் தரவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, அவளுடைய மௌனம் அவருடைய கழிவைக் கேள்வியின்றி நிறைவேற விடுகிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.