பழைய கீபோர்டு மேனுவல்களை ஸ்கேன் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1980-களில் வந்த பல கீபோர்டுகளைத் திருப்பிப் பார்த்தால், நகத்தால் தள்ளுகிற அளவில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் எக்ஸ்டி, மறுபக்கம் ஏடி. இரண்டும் ஐபிஎம்மின் அந்தக் காலத்துக் கணினி வகைகள். இரண்டு வகைக் கணினிக்கும் ஐந்து முள் கொண்ட அதே வட்டமான பிளக்தான், ஆனால் கீபோர்டு கணினியோடு பேசும் முறை வேறு. சுவிட்ச் மாறி இருந்தால் எந்த விசையும் வேலை செய்யாது. நல்ல கீபோர்டையே செத்துப்போனது என்று ஒதுக்கிவிட இது ஒன்று போதும். இதையெல்லாம் சொல்லத்தான் கூடவே ஒரு மெல்லிய மேனுவல் வந்தது. பெரும்பாலும் அட்டைப்பெட்டியோடு அதுவும் குப்பைக்குப் போயிருக்கும்.

அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால் உடனே ஸ்கேன் செய்து நாலு பேருக்குக் கொடுக்கத் தோன்றும். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த அவசரத்தில்தான் பல மேனுவல்கள் பாதி உயிரோடு வந்து சேர்கின்றன.

முதலில் தாள். முதுகில் பசை போட்டு ஒட்டிய புத்தகத்தைக் கண்ணாடி மேல் கவிழ்த்து அழுத்தாதீர்கள். பல வருஷப் பசை காய்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். ஒரே அழுத்தில் முதுகு நெடுக வெடித்துப் பக்கங்கள் கழன்றுவிடும். பாதி மட்டும் திறந்து சாய்வாக வைத்து, மேலிருந்து கேமராவில் எடுப்பதே பாதுகாப்பு. நடுவில் ஸ்டேப்பிள் பின் அடித்த மேனுவல் என்றால், பின் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். துருப்பிடித்த பின்னை இழுத்தால் தாளும் கூடவே கிழிந்து வரும். பின்பக்கம் மடங்கியிருக்கும் இரண்டு கால்களையும் மெல்லிய தகட்டால் நிமிர்த்திவிட்டு அப்புறம் எடுங்கள். தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் ஸ்கேனரில் இந்த வயசுத் தாளை விடவே கூடாது. கிழிந்த இடத்தில் செல்லோ டேப்பும் வேண்டாம். அதன் பசை மஞ்சளாகி எழுத்துக்குள் ஊறிவிடும்.

நான் அதிகம் பயப்படுவது அடுத்த தவறுக்குத்தான்: கோப்பின் அளவைக் குறைக்கக் கண்ணை மூடிக்கொண்டு சுருக்குவது. ஜெர்மனியைச் சேர்ந்த கணினி அறிஞர் டேவிட் கிரீசல் 2013-இல் ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தார். ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்களில் ஒரு கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்தபோது, 21.11, 17.42 சதுர மீட்டர் என்றிருந்த அறைகளும் 14.13 என்று மாறி வந்தன. மங்கலாகவோ கலைந்தோ இல்லை, அச்சடித்தது போலத் தெளிவாக. காரணம் ஜேபிக் 2 என்கிற சுருக்கும் முறை. ஒன்றுபோலத் தெரியும் வடிவங்களை ஒரே வடிவமாகக் கொண்டு, ஒன்றின் இடத்தில் இன்னொன்றை அது வைத்துவிடும். 6 இருந்த இடத்தில் 8 வரலாம்.

கீபோர்டு மேனுவலில் இது எவ்வளவு விபரீதம் என்று பாருங்கள். விசையை அழுத்தினால் கீபோர்டு அனுப்பும் எண்களின் அட்டவணை அதில் இருக்கும். எக்ஸ்டி காலத்து அட்டவணையில், ஹெக்ஸ் எனும் பதினாறடிமான எண்முறையில், 36 என்றால் வலது ஷிஃப்ட், 38 என்றால் ஆல்ட். ஒரு இலக்கம் மாறினால் விசையே மாறிவிடும். அதை நம்பி மாற்றுச் சர்க்யூட் செய்கிறவர், தவறு எங்கே என்று வாரக்கணக்கில் தேடுவார். ஆகவே மூலப் பிரதியைத் தரம் குறையாத டிஃப் வடிவில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து மட்டும் உள்ள பக்கங்களுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு), சர்க்யூட் படங்களுக்கு 600. கறுப்பு வெள்ளையாக மட்டும் எடுத்தால் பென்சில் கோடுகள் மறைந்துபோகும். கலரிலோ சாம்பல் நிறத்திலோ எடுங்கள். பகிர்வதற்கான பிடிஎஃப்பை அதிலிருந்து தனியாகச் செய்யலாம். ஓசிஆர் செய்த எழுத்து, அதாவது படத்தைப் பார்த்து மென்பொருள் படித்தெடுத்த எழுத்து, தேடுவதற்காகப் படத்துக்கு அடியில் மறைந்திருக்கட்டும். படத்தை எடுத்துவிட்டு அதை வைக்கக் கூடாது.

"இது தேவையில்லை" என்று பக்கங்களை விடுவது இன்னொரு தவறு. அட்டையின் பின்புறம், ஓரத்தில் யாரோ எழுதிய குறிப்பு, மடித்து வைத்த பெரிய தாள் எல்லாம் வேண்டும். பின்னட்டையின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் பாக எண்ணும் பதிப்புத் தேதியும்தான் அந்த மேனுவல் எந்த மாடலுக்கு என்று சொல்லும். ஐபிஎம் மாடல் எம் கீபோர்டின் அடியில் உள்ள லேபிளில் 1391401 போன்ற எண் இருக்கும். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும் கீபோர்டுகளை அந்த எண்ணை வைத்துத்தான் பிரிக்க முடியும். கோப்பின் பெயரிலும் நிறுவனம், மாடல், பாக எண், வருடம் இருக்கட்டும். "ஸ்கேன் 0004" என்ற பெயரில் ஒரு மேனுவலை யார் தேடுவார்கள்?

பதிப்புரிமைப் பக்கத்தையும் விடாதீர்கள். அமெரிக்காவில் 1989 மார்ச் 1-க்கு முன் வெளியான ஒன்றில் பதிப்புரிமை அறிவிப்பு இருந்ததா என்பது சட்டப்படி முக்கியமான கேள்வி. நிறுவனம் மூடப்பட்டாலும் அதன் உரிமை வேறொருவர் கைக்குப் போயிருக்கலாம். பகிரும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

பகிரும்போது கடவுச்சொல் போட்டுப் பூட்டுவதும், பக்கம் முழுக்கத் தன் பெயரைக் குறுக்கே அச்சடிப்பதும் வேண்டாம். அந்தப் பெயர் விழுகிற இடம் சரியாக ஒரு சர்க்யூட் கோடாக இருக்கும். ஒரே இடத்தில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. இலவசமாக இணையப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009-இல் அமெரிக்காவில் மூடியபோது எத்தனையோ பேரின் சேகரிப்புகள் அதோடு போயின. இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒரு பிரதி, இதே ஆர்வமுள்ள நண்பரிடம் ஒன்று, உங்கள் டிஸ்க்கில் ஒன்று என்று குறைந்தது மூன்று பிரதிகள் இருக்கட்டும்.

ஸ்கேன் முடிந்ததும் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். ஏதோ ஒரு பக்கம் கோணலாக வந்தது பிறகுதான் தெரியும், அதைத் திரும்ப எடுக்க அந்தத் தாள்தான் வேண்டும். அமிலம் இல்லாத காகித உறைக்குள் போட்டு, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் படுக்கை வசமாக வையுங்கள். உறை மேல் கோப்பின் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். உள்ளே வைக்கும் முன்பே எழுதிவிட்டால் அழுத்தம் தாளில் பதியாது.