விடியற்காலையில் மலை தெரிகிறதா: சேலத்துக்கு வருவோருக்கான பறவை பார்த்தல் குறிப்புகள்

மார்கழி, தை மாதங்களில் வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புவோர் பலர், திருமணங்களுக்கும் கோயில்களுக்கும் உறவினர் வீட்டு விருந்துகளுக்கும் நாட்களைப் பங்கிட்டுக் கொடுத்த பிறகு எஞ்சுகின்ற ஒரே நாளில் ஏற்காட்டுக்குக் காரேறி, பனிமூட்டத்தில் எதையும் காணாமல் இறங்கி வருகிறார்கள். பறவைகளைப் பார்க்க விரும்புவோர் இவ்வாறு ஒரு நாளை முன்கூட்டியே குறித்துவைப்பது பயன் தராது. வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால், கடலே இல்லாத சேலத்திலும் இரண்டு மூன்று நாட்களுக்குத் தூறல் பிடித்துக்கொள்ளும். அது விலகியவுடன் வானம் கழுவி விட்டதுபோல் தெளிந்துவிடும். ஆகவே ஒரு முழு நாளுக்குப் பதிலாக மூன்று நாட்களின் காலைப் பொழுதை மட்டும் ஒதுக்கிக்கொண்டு, எங்கே செல்வது என்பதை அன்றன்று விடியும்போது முடிவு செய்யுங்கள். மொட்டை மாடியில் நின்று வடக்கே பாருங்கள். ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையின் முகடு தெளிவாகத் தெரிந்தால் மேலே செல்லலாம். மேகம் இறங்கி மலையை மூடியிருந்தால் ஏரிக்குச் செல்வதே நல்லது.

ஏரி என்றால், முதல் முறை வருவோருக்குக் கன்னங்குறிச்சியை அடுத்த மூக்கனேரியையே நான் சொல்வேன். 2010ஆம் ஆண்டு முதல் சேலம் மக்கள் குழுவினர் இதைச் சீரமைத்தபோது ஏரிக்குள் சிறு சிறு மண்திட்டுகளை எழுப்பி மரக்கன்றுகளை நட்டார்கள். இன்று நீர்க்காகங்களும் கொக்குகளும் அந்தத் திட்டுகளில் தங்குகின்றன. மாலையிலும் நேரம் கிடைத்து, ஐந்து மணிக்கு மேல் கரையில் அமைதியாக நின்றால், அவை கூட்டம் கூட்டமாக வந்து அடைவதையும், அதே வேளையில் வக்காக்கள் இரை தேடிப் புறப்படுவதையும் காணலாம். முக்குளிப்பான், நாமக்கோழி, தாழைக்கோழி, புள்ளிமூக்கு வாத்து ஆகியவற்றைப் பார்க்கப் பெரிய முயற்சி தேவையில்லை. வலசை வரும் நீலச்சிறகி போன்ற வாத்துகள் வருமா என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று நீர்மட்டம். மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பியிருந்தால், சேற்றில் இரை தேடும் உள்ளான்களுக்கு நிற்க இடமிருக்காது. நீந்துகின்ற, மூழ்குகின்ற பறவைகளையே பார்ப்பீர்கள். தை பிற்பகுதியில் நீர் வற்றத் தொடங்கி ஓரங்களில் சேறு வெளிப்படும்போதுதான் பொரி உள்ளானும் மஞ்சள் வாலாட்டியும் அங்கே நடமாடும். கரையில் வலை உலர்த்துபவரிடம், "ஏனுங்கண்ணா, தண்ணி இப்ப எந்த அளவுக்கு நிக்குது?" என்று கேட்டுக்கொள்வது எந்தச் செயலியையும் விடப் பயன்படும்.

தூறல் நாளை வீணென்று எண்ண வேண்டாம். ஈரக் காற்றில் பூச்சிகள் தாழப் பறப்பதால் தகைவிலான்களும் நீர்ப்பரப்பை உரசினாற்போல் பறக்கும். மழை விட்டு ஈசல் கிளம்பினால் கரிச்சானும் பஞ்சுருட்டானும் மைனாவும் ஒரே இடத்தில் கூடிவிடும். லண்டனிலும் டொராண்டோவிலும் கோடையில் கூடு கட்டுவதும் இதே இனத் தகைவிலான்தான். ஆனால் உங்கள் வீட்டருகே கண்டவை உங்களுடனேயே ஊருக்கு வந்துவிட்டதாகப் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்: பிரிட்டனின் தகைவிலான்கள் தென்னாப்பிரிக்காவுக்கும், கனடாவிலுள்ளவை தென் அமெரிக்காவுக்கும் செல்கின்றன. சேலத்துக்கு வருபவை ஆசியாவின் வடபகுதியைச் சேர்ந்தவை.

மலைக்குச் செல்லும் நாளில் ஏற்காடு ஏரிக்கு விரைவதில் பொருளில்லை. சேலத்திலிருந்து செல்லும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அடிவாரத்தின் வறண்ட காடும் மூங்கிலும் மேலே செல்லச் செல்ல மாறி, சில்வர் ஓக் நிழலில் வளரும் காப்பித் தோட்டங்களாகின்றன. பறவைகளும் அவ்வாறே மாறுகின்றன. அடிவாரத்தில் இலைச்சருகைக் கிளறும் ஆறுமணிக்குருவி, இமயமலை அடிவாரம் வரையுள்ள பகுதிகளில் இனப்பெருக்கம் செய்து குளிர்காலத்தை இங்கே கழிப்பது. விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் அது எழுப்பும் இரட்டைக் குரலாலேயே அதற்கு அப்பெயர் வந்தது. மேலே தோட்டங்களில் செம்மீசைச் சின்னான், வெள்ளைக்கண்ணி, சாம்பல் கரிச்சான், அரசவால் ஈப்பிடிப்பான் ஆகியவற்றையும், ஓடையோரத்தில் சாம்பல் வாலாட்டியையும் எதிர்பார்க்கலாம். பாறையும் புதரும் நிறைந்த சரிவுகளில் மஞ்சள்தொண்டைச் சின்னானைத் தேடிப் பாருங்கள். தென்னிந்தியக் குன்றுகளுக்கே உரிய, உலக அளவில் அருகிவரும் பறவை அது. கிடைக்காமல் திரும்பினாலும் வருந்த வேண்டாம், உள்ளூர்க்காரர்களும் பலமுறை அப்படித்தான் திரும்பியிருக்கிறார்கள்.

ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனி எப்போது வேண்டுமானாலும் சூழும். அப்போது நடப்பதை நிறுத்திவிட்டு ஒரே மரத்தடியில் காத்திருங்கள். பனி விலகி வெயில் விழும் முதல் அரைமணி நேரத்தில் சிறு பறவைகளின் கலப்புக் கூட்டம் சுறுசுறுப்பாக இரை தேடும். காப்பித் தோட்டங்கள் தனியாருடையவை, மேலும் இது பழம் பறிக்கும் பருவம் என்பதால் கேட்காமல் உள்ளே செல்வது முறையன்று. வளைவுகளில் காரை நிறுத்தவும் கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் இந்த மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டது. ஆகவே பெருமழைக்கு மறுநாள் கிளம்பும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். குப்பனூர் வழியாக இன்னொரு பாதையும் உண்டு.

8×42 அளவுள்ள இருநோக்கி (பைனாகுலர்) போதும். ட்ரோனைக் கொண்டுவர வேண்டாம். வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதியை இந்தியா 2022 பிப்ரவரியில் தடை செய்துவிட்டது. பறவைகளை அடையாளம் காண உதவும் மெர்லின் செயலி வைத்திருப்போர் தென்னிந்தியாவுக்கான தொகுப்பை வீட்டிலேயே தரவிறக்கிக்கொள்ளுங்கள், மலையில் இணைப்பை நம்ப முடியாது. ஆனால் பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்க வேண்டாம். பொங்கலுக்கு ஊரில் இருப்பீர்களானால், 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் குடும்பத்தோடு பங்கேற்கலாம். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்த பறவைகளை எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் பதிவிட வேண்டும். பாட்டி வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்தபடியே இதைச் செய்யலாம், காகத்தையும் சேர்த்தே எண்ணுங்கள்.