கண் எங்க போகும் எண்டு சொல்லுற மொடல்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில இப்ப பைனல் இயர் புரொஜெக்ட் எண்டா சேலியன்சி மொடல் எடுக்கிற பிள்ளையள் இருக்கினம், அதாவது ஒரு படத்தைக் குடுத்தா சனம் அதில எங்க பாக்கும் எண்டு சிவப்பும் மஞ்சளுமா ஹீட்மேப் போட்டுத் தாற மொடல். கோட் எல்லாம் இன்ரநெட்டில கிடக்கு, கூகுள் கொலாப்பில ஜிபியூ ஓசியாக் கிடைக்கும், வைவாவில காட்டவும் வடிவாயிருக்கும். ஆனா படம் வடிவா வந்திட்டா வேலை சரி எண்டு நினைக்கிறதிலதான் பிரச்சினை தொடங்குது. அந்த மொடல் படிச்சது ஆற்ற கண்ணை, எவ்வளவு நேரம் பாத்தவை, என்ன சொல்லிப் பாக்க விட்டவை எண்டு கேக்காம விட்டா மிச்சம் எல்லாம் பிழைச்சுப் போகும்.

கனபேர் விடுற பெரிய தவறு, படத்தின்ர நடுவை மறக்கிறது. படம் எடுக்கிற ஆக்கள் முக்கியமானதை நடுவில வைச்சுத்தான் எடுப்பினம், பாக்கிற ஆக்களின்ர கண்ணும் முதல்ல ஸ்கிரீன் நடுவுக்குத்தான் போகும், இதை 2007 இல டாட்லர் எண்ட ஆராய்ச்சியாளர் வடிவா அளந்து காட்டினவர். அதால படத்தைப் பாக்காமலே நடுவில மங்கலா ஒரு வட்டம் போட்டு விட்டாலும் நல்ல ஸ்கோர் வரும். 39 பேர் 300 படம் பாத்த எம்ஐடி300 பெஞ்ச்மார்க்கில அந்த வட்டத்துக்கு ஏயூசி, அதாவது சனம் பாத்த இடத்தைப் பாக்காத இடத்தை விட மேல மொடல் வைச்சுதோ எண்டு பாக்கிற புள்ளி, 0.78 (முழுப்புள்ளி 1). 1998 இல இட்டி, கோச், நீபர் மூண்டு பேரும் செய்த பேர்போன மொடலின்ர ஒரு வேர்ஷன் அங்க 0.75 தான் எடுத்தது, வட்டம் வெண்டிட்டுது! நடுவால வாற லாபத்தை வெட்டிப் போட்டு அளக்கிற ஷஃபிள்ட் ஏயூசியில பாத்தா வட்டம் 0.51, அதாவது குருட்டுவாக்கில சொன்னா வாற 0.5 தான், மற்ற மொடல் 0.63. இதைத் தெரியாம ‘எங்கட மொடல் 0.80 எடுத்தது’ எண்டு ரிப்போட்டில தனிய எழுதினா அதில ஒண்டுமில்லை. பக்கத்தில நடு வட்டத்தின்ர ஸ்கோர் இருக்கவேணும், மனிசரே மனிசரைச் சொன்னா எவ்வளவு வரும் எண்ட மேல் எல்லையும் இருக்கவேணும், ஏனெண்டா ஆளுக்காள் பார்வை வித்தியாசம், எம்ஐடி300 இல அந்த எல்லையே ஏயூசி 0.92 தான், 1 இல்லை.

ஏயூசியை மட்டும் நம்புறதும் பிழை. அது தவணைச் சோதனையில புள்ளியைப் பாக்காம ரேங்கை மட்டும் பாக்கிற மாதிரி, ஆரும் பாக்காத இடங்களிலயும் அங்கங்க மெல்லிசா மஞ்சள் பூசி விட்டாலும் சனம் பாத்த இடம் மற்ற இடத்தை விட ஒரு துளி கூட இருந்தாக் காணும், ஸ்கோர் இறங்காது. கண் நிண்ட இடத்தில மேப் சராசரியை விட எவ்வளவு உயரம் எண்டு பாக்கிற என்எஸ்எஸ், மொடலின்ர மேப்பும் சனத்தின்ர மேப்பும் எவ்வளவு ஒத்துப்போகுது எண்டு பாக்கிற சிசி, ரெண்டிலயும் அந்தப் பூச்சு பிடிபடும். ரெண்டு மேப்புக்கும் இடையில இருக்கிற வித்தியாசத்தை அளக்கிற கேஎல் வேற மாதிரி, சனம் பாத்த இடத்தில மொடல் சைபர் போட்டிருந்தா நல்லா அடிக்கும். ஒவ்வொரு அளவுக்கும் ஏத்த மேப் வேற எண்டபடியா ஒரே மேப் எல்லாத்திலயும் முதலாவதா வராததில அதிசயமில்லை. கும்மரர், வாலிஸ், பெத்கே மூண்டு பேரும் 2018 இல சொன்ன வழி எனக்குச் சரியாப் படுது: மொடல் கண் எங்க விழும் எண்ட நிகழ்தகவைத் தரட்டும், பிறகு அதில இருந்து ஒவ்வொரு அளவுக்கும் ஏத்த மேப்பைச் செய்து எடுக்கலாம்.

இனி கோட்டுக்குள்ள ஒளிச்சிருக்கிற ஒரு தவறு. கண் நிண்ட புள்ளியளை ஒண்டு, சைபர் எண்டு ஒரு படமாச் சேமிச்சு வைச்சிருப்பினம், பிறகு மொடலுக்கு ஏத்த மாதிரி அந்தப் படத்தையும் சாதாரண போட்டோ மாதிரி ரீசைஸ் பண்ணி விடுவினம். 1024 பிக்செல் அகலத்தை 256 க்குச் சுருக்கினா கொஞ்சப் புள்ளி காணாமப் போகும், மிச்சம் அரைகுறை எண்ணா மாறி நிக்கும், அதுக்கு மேல என்எஸ்எஸ் கணக்கெடுத்தா வாற எண் என்னத்தைச் சொல்லுது எண்டே தெரியாது. சுருக்கவேண்டியது புள்ளியின்ர எக்ஸ், வை எண்ணுகளை, படத்தை இல்லை. இதைவிட நல்லது மொடல் தந்த மேப்பைப் பழைய சைசுக்குப் பெருப்பிச்சுப் போட்டு அளக்கிறது. மங்கலாக்கிறதும் அப்பிடித்தான், புள்ளியளை ஒரு டிகிரி பார்வைக் கோணத்துக்கு மங்கலாக்கிறது வழக்கம், அது எத்தனை பிக்செல் எண்டது ஸ்கிரீனையும் தூரத்தையும் பொறுத்தது. 53 சென்ரிமீற்றர் அகலம், 1920 பிக்செல், ஆள் 60 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிறார் எண்டா ஒரு டிகிரி கிட்டத்தட்ட 38 பிக்செல், படத்தைக் காலாக்கினா ஒம்பது பத்துத்தான். ஆரோ ஒராளின்ர கோட்டில இருந்த எண்ணைக் கொப்பி பண்ணாம இதைப் போட்டுப் பாருங்கோ, ரெண்டு நிமிச வேலை.

டேற்றாவுக்கு வருவம். எம்ஐடி1003 இல 15 பேர் ஒவ்வொரு படத்தையும் 3 செக்கன் சும்மா பாத்தவை, தேடு, எண்ணு எண்டு ஒரு வேலையும் குடுக்கேல்லை, கவனமாப் பாக்கவேணும் எண்டு கடைசியில ஒரு ஞாபகச் சோதனை மட்டும் வைச்சவை. சாலிக்கன் எண்ட பெரிய டேற்றாவில கண்ணே இல்லை, மங்கலான படத்தில மவுசை நகத்தினா அந்த இடம் தெளியும், அந்த மவுஸ் போன வழியைத்தான் பார்வை எண்டு எடுத்தவை. ட்ரெயின் பண்ணத் தொடங்க அது அருமையான சாமான், ஆனா அதிலயே ரெஸ்ற் பண்ணிப்போட்டு கண்ணைக் கணிச்சிட்டம் எண்டு சொல்லேலாது, கடைசியில உண்மையான கண் டேற்றாவில பாக்கத்தான் வேணும்.

வேலை மாறினா கண்ணும் மாறும். யார்பஸ் எண்ட ரஷ்ய ஆராய்ச்சியாளர் ரேப்பினின்ர ஒரே ஓவியத்தைக் காட்டி கேள்வியை மட்டும் மாத்தினவர், ஆக்களின்ர வயசென்ன எண்டு கேட்டா கண் முகத்துக்கு ஓடினது, குடும்பம் வசதியானதோ எண்டு கேட்டா உடுப்புக்கும் வீட்டுச் சாமானுக்கும் போனது. கஸ்தூரியார் வீதி நகைக்கடை விளம்பரத்துக்கு ஹீட்மேப் போட்டு ‘சனம் விலையைப் பாக்காது’ எண்டு கடைக்காரருக்குச் சொல்லுறதுக்கு முதல் யோசியுங்கோ, கலியாணத்துக்குத் தாலிக்கொடி தேடி வாற அம்மாவும் பஸ்ஸுக்கு நிக்கிற பெடியனும் அந்தப் போர்டை ஒரே மாதிரிப் பாக்கமாட்டினம்.

எழுத்தும் முகமும் கண்ணை இழுக்கும் எண்டது நல்லாத் தெரிஞ்ச விசயம். ஆனா எம்ஐடி1003 படங்கள் ஃபிளிக்கர், லேபல்மீ எண்ட ரெண்டு இணையப் படத் தொகுப்பில இருந்து எடுத்தவை. இங்க கச்சேரி (மாவட்டச் செயலகம்) போர்டில மூண்டு மொழி இருக்கு, தமிழ் மட்டும் வாசிக்கிறவரும் சிங்களம் மட்டும் வாசிக்கிறவரும் அதில ஒரே வரியிலயோ நிப்பினம்? இதை ஒருத்தராவது இங்கத்தை ஆக்களை இருத்தி அளந்து செய்தா நல்லதொரு புரொஜெக்ட், புது மொடல் ஒண்டு கட்டுறதை விடப் பிரயோசனம். கண் போற இடத்தை அளக்கிற ஐ ட்ராக்கர் கருவி இல்லை எண்டு வெப்கேமால அளக்கிறதெண்டா இடப்பக்கமோ வலப்பக்கமோ எண்ட அளவில நிப்பாட்டுங்கோ, முகத்தில கண்ணோ வாயோ எண்டு அதால பிரிக்கேலாது.

இன்னொண்டு, பளிச்செண்டு இருக்கிறதெல்லாம் கண்ணை இழுக்கும் எண்ட நினைப்பு. நல்லூர் மதிலின்ர சிவப்பு வெள்ளைக் கோட்டை முதல்ல சொன்ன இட்டியாக்களின்ர 1998 மொடல் பிடிச்சு வைச்சிருக்கும் எண்டு நினைப்பம், ஆனா ஒரே மாதிரி உச்சங்கள் கனக்க வந்தா அந்த மேப்பை அமத்திறதுக்கு அதுக்குள்ளயே ஒரு படி இருக்கு. வெள்ளை வேட்டியளுக்கு நடுவில ஒரேயொரு பச்சைக் குடை எண்டாத்தான் அது துள்ளும்.

மேப்பின்ர ஆக உச்சப் புள்ளி ஒண்டை மட்டும் எடுத்து முடிவெடுக்கிறதையும் விடுங்கோ. ட்விற்றர் இப்பிடித்தான் படங்களைத் தானா வெட்டினது, 2020 இல சனம் கறுப்பு முகங்களை வெட்டுது எண்டு சத்தம் போட்டபிறகு அவையே சோதிச்சு, பெண்கள் பக்கம் 8 வீதமும் வெள்ளை ஆக்கள் பக்கம் 4 வீதமும் சாயுது எண்டு 2021 மே மாசம் வெளியில சொன்னவை, அதுக்குக் கொஞ்சம் முதலே ஃபோனில படத்தை முழுசாக் காட்டத் தொடங்கிட்டினம். கலியாண குறூப் போட்டோவைத் தானா வெட்டிற அப் செய்யிற ஆக்கள், முதல்ல ஆற்ற தலை வெளியில போகுது எண்டு ஒரு நூறு படத்தில எண்ணிப் பாருங்கோ.