செடி வாடுனா உடனே மோட்டாரை போடாதீங்க

மத்தியானம் ரெண்டு மணிக்கு தோட்டத்துப் பக்கம் போறோம், கத்திரி இலையெல்லாம் வெள்ளாட்டுக் காது மாதிரி தொங்குது, பதறிப்போய் மோட்டாரை போட்டுடறோம். நானும் வருஷக்கணக்கா இதைத்தான் பண்ணிட்டு இருந்தேன். உச்சி வெயில்ல வேர் இழுக்குறதை விட இலை வழியா போற தண்ணி ஜாஸ்தி, மண்ணுல ஈரம் இருந்தாலும் இலை தொங்கும், செடியும் இலைத்துளையை மூடிக்கிட்டு சமாளிக்கும், சாயங்காலம் போய் பாத்தா நிமிர்ந்துடும். விடியக்காலைலயும் வாடியே இருந்தாதான் கவலைப்படணும். அப்பவும் முதல்ல அரை அடி தோண்டி மண்ணைப் பிடிச்சுப் பாருங்க.

ஏன்னா தண்ணி அதிகமானாலும் செடி வாடும். ஒரு ஐப்பசி மழைல எங்க மிளகாய்ல நாலு நாள் தண்ணி நின்னுச்சு, மழை விட்டு வெயில் அடிச்சதும் மொத்தமா வாடிருச்சு, பக்கத்துல ஒருத்தர் "மண்ணு காய்ச்சல் பட்டுருச்சு, ஒரு தண்ணி விடு"ன்னாரு, விட்டேன், முடிஞ்சது கதை. ஒரு செடியை புடுங்கிப் பாத்தா வேர் காப்பி கலர்ல இருந்துச்சு, உருவுனா தோல் தனியா கையோட வருது, சாக்கடை நாத்தம். வேரும் மூச்சு விடணும்ங்க, காத்து இல்லேன்னா அதுக்கு தண்ணியை உறிஞ்ச சக்தியே இருக்காது, தொட்டி நிறைய தண்ணி இருந்தும் மோட்டாருக்கு கரண்ட் இல்லாத கதைதான். நெல்லு நிக்குதே, மிளகாய் நிக்காதான்னு கேக்காதீங்க, நெல்லுக்கு இலையில இருந்து வேர் வரைக்கும் காத்து போறதுக்கு உள்ளயே குழாய் மாதிரி இருக்கு.

அந்த நெல்லையும் நாம கெடுக்குறது பூ பூக்குற நேரத்துல. பெரும்பாலும் காலைல 9 மணியில இருந்து மத்தியானத்துக்குள்ள பூ விரிஞ்சு மூடிடும், அந்த ரெண்டு மூணு மணி நேரத்துல 35 டிகிரிக்கு மேல போனாலே மகரந்தம் சரியா கொட்டாது, கதிர்ல பதர் ஜாஸ்தியாகும். கரெக்டா அந்த நேரத்துல மருந்து டேங்கை முதுகுல மாட்டிட்டு இறங்குறோம் பாருங்க, அதை விட கொடுமை இல்ல. அடிச்சே ஆகணும்னா சாயங்காலம் அடிங்க. பகல் வெயிலை மட்டும் பாக்குறதும் தப்பு, பிலிப்பைன்ஸ்ல சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்து வயல்ல பாத்து 2004ல சொன்னாங்க, கோடைப் பருவத்துல ராத்திரி வெப்பம் 1 டிகிரி கூடுனா மகசூல் சுமார் 10 சதவீதம் குறையுதுன்னு.

மஞ்சளானா யூரியாங்குறது அடுத்த வியாதி. அடி இலை மஞ்சளானா தழைச்சத்து இல்லாம இருக்கலாம், சரி. நிலக்கடலைல குருத்து இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா இருந்தா அது இரும்புச்சத்துக் குறை, சுண்ணாம்பு மண்ணுல சகஜம், அதுக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்டு உப்பு) கரைச்சு அடிக்கணும், யூரியா போட்டா காசுதான் போகும்.

தென்னைல நாம ஏமாறுறது வேற மாதிரி. பாளை வெடிக்கிறதுக்கு ஏறக்குறைய 32 மாசம் முன்னாடியே குருத்துக்குள்ள பூங்கொத்து உருவாக ஆரம்பிச்சுடுது, அப்புறம் காய் முத்த இன்னொரு வருஷம், ஆக மொத்தம் மூணரை வருஷத்துக்கும் மேல. 2016ல வடகிழக்கு மழை பொய்ச்சு, 2017 ஜனவரில தமிழ்நாட்டுல அப்ப இருந்த 32 மாவட்டமும் வறட்சின்னு அறிவிச்சாங்கல்ல, அந்த அடி அந்த வருஷத்தோட முடியல. மழை பேஞ்ச பிறகும் குரும்பை கொட்டுது, காய் சிறுத்துப் போச்சுன்னு உரக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் அலைஞ்சவங்க எத்தனை பேரு! மரம் பழைய கணக்கை இப்பதான் தீக்குதுன்னு யாரும் சொல்லல. தென்னைல மகசூல் குறைஞ்சா இந்த வருஷ உரத்தை திட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு வருஷத்து மழையை யோசிச்சுப் பாருங்க, வறட்சி வருஷத்துலயே மட்டையையும் மட்டைநாரையும் போட்டு வட்டப்பாத்தியை மூடி வைங்க.

தண்ணி இல்லாம காயுறது எல்லாமே கெடுதலும் இல்ல. முதுமலைல கோடைல தேக்கு மொட்டையா நிக்கும், செத்துப்போகல, தண்ணியை மிச்சம் பிடிக்க இலையை உதிர்த்துட்டு நிக்குது. காய்க்கிற மாமரத்துக்கு கார்த்திகை மார்கழில பாவம் பாத்து தண்ணி விட்டீங்கன்னா பூவுக்கு பதிலா தளிர்தான் வரும், பிஞ்சு பட்டாணி அளவு வந்தப்புறம் விடுங்க.